போலந்துப் போர் விமானிகளைப் பற்றித் தில்லியில் ஒரு மணி நேரம் பேசுவது எப்படி

தில்லியில் வாழும் தமிழர்களின் அவையில், அதிலும் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் ஓய்வுபெற்ற விமானப்படையினரும் கலந்து உட்காரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாடுகளில் பறந்த போலந்துப் போர் விமானிகளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டவர், எதைச் சொல்லாமல் விடுவது என்பதையே முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆறு ஆண்டுப் போர், நான்கைந்து நாடுகள், பதினாறு படைப்பிரிவுகள், வாயில் நுழைய மறுக்கும் பெயர்கள் என்று விரிந்து கிடக்கும் பொருள் இது. எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் எதுவும் நிற்காது. நாற்பத்தைந்து நிமிடம் பேச்சு, பதினைந்து நிமிடம் கேள்வி என்று வகுத்துக்கொண்டு, அந்த நாற்பத்தைந்து நிமிடத்தையும் ஒரே கேள்வியில் கட்டிப்போடுவது நல்லது. நாடு பறிபோன பிறகு அந்த நாட்டின் படை யாருடைய படை என்பதே அந்தக் கேள்வி. யார் எத்தனை விமானங்களை வீழ்த்தினார்கள் என்ற பட்டியலைப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேட ஒருவர் நின்று பேசத்தான் வேண்டும்.

முதலில் பாலம் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள்

குறிப்பு எழுத உட்காருவதற்கு முன்பு தில்லியின் பாலம் பகுதியில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வருவது, தில்லியில் இருப்பவருக்கு மட்டும் வாய்த்திருக்கும் வசதி. 1940 கோடையில் பிரிட்டனில் போலந்து விமானிகள் பெரும்பாலும் ஓட்டியது ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். அந்த இனத்தைச் சேர்ந்த விமானம் ஒன்று அங்கே கூரைக்கடியில் நிற்கிறது, பக்கத்திலேயே ஸ்பிட்ஃபயரும் இருக்கிறது. அங்குள்ள ஹரிக்கேன் 1940-க்குப் பின்னால் வந்த வகை என்பதை அவையில் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப அலுவலர் யாராவது சொல்வார். பார்வை நாள்களை முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே இரண்டு இடங்களை நின்று பார்க்க வேண்டும். ஒன்று, விமானி உட்காரும் கூண்டுக்குப் பின்னால் உள்ள உடற்பகுதி. அது முழுக்க உலோகத் தகடு அன்று. உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரப்பட்டிகள் வைத்து, அவற்றின் மேல் துணியை இழுத்துக் கட்டிச் சாயம் பூசியது. துப்பாக்கிக் குண்டு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விட்டால், தரையில் இருக்கும் பணியாளர்கள் துணியை ஒட்டி மறுநாளே விமானத்தை வானுக்கு அனுப்பிவிடலாம். இரண்டாவது, எந்திரத்துக்கும் விமானிக்கும் இடையில் உள்ள பகுதி. கூண்டுக்கு நேர் முன்னால், ஏறக்குறைய விமானியின் முழங்காலுக்கு எதிரில், ஒரு பெட்ரோல் தொட்டி இருந்தது. அது தீப்பற்றினால் நெருப்பு நேராக முகத்துக்கும் கைக்கும்தான் வரும். பிரிட்டனில் போலந்து விமானிகளைக் கொண்டு அமைந்த 303-ஆம் பிரிவின் போலந்துத் தலைவரான ஸ்ட்ஜிஸ்லாவ் க்ராஸ்னொடெம்ப்ஸ்கி 1940 செப்டம்பர் 6 அன்று சுடப்பட்டு, கடுமையான தீக்காயங்களோடு குடைமிதவையில் இறங்கினார். அவருடைய பெயரைச் சொல்லும்போது அந்தத் தொட்டி இருந்த இடத்தைக் கையால் காட்டிச் சொன்னால், வீரம் என்று பொதுவாகச் சொல்வதைவிட அவைக்கு அதிகம் விளங்கும்.

தோல்வியிலிருந்து தொடங்குங்கள்

பலரும் லண்டன் வானத்தில் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் இந்த விமானிகள் பிரிட்டனின் கதையில் வந்துபோகும் துணைப் பாத்திரங்களாகிவிடுவார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்ததிலிருந்து தொடங்குங்கள். போலந்திடம் இருந்த முதன்மைப் போர் விமானமான பி.11, திறந்த கூண்டும் உள்ளிழுக்க முடியாத சக்கரங்களும் கொண்டது. 1930-களின் தொடக்கத்தில் உலகத் தரத்துக்கு முன்னால் நின்றது, 1939-இல் எதிரியின் குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றையே துரத்திப் பிடிக்க முடியாமல் திணறியது. முதல் நாளிலேயே போலந்து விமானப்படை தரையில் வைத்தே அழிக்கப்பட்டது என்ற கதையை யாராவது கேட்டிருப்பார்கள். அது பிழை. போர் தொடங்குவதற்கு முன்பே போர்ப் பிரிவுகள் மறைவான வயல்வெளித் தளங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருந்தன; வார்சாவுக்கு மேலே முதல் நாளிலிருந்தே அவை சண்டையிட்டன. செப்டம்பர் 17 அன்று கிழக்கிலிருந்து சோவியத் படைகளும் நுழைந்த பிறகுதான், விமானிகளுக்கு ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் போகக் கட்டளை வந்தது.

இந்த இடத்தில் வரைபடம் இன்றியமையாதது. பவர்பாயிண்ட் வேண்டாம் என்றாலும் இந்த ஒரு படத்தையாவது திரையில் விழச் செய்யுங்கள். ருமேனிய முகாம்களிலிருந்து காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்தும் பொய்க் கடவுச்சீட்டு எடுத்தும் நழுவி, கருங்கடல் துறைமுகமான பால்ச்சிக்கில் கப்பலேறி, பெய்ரூத் வழியாக மார்சேய் போய்ச் சேர்ந்த பாதையை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பிரான்சில் அவர்களை லியோன் நகரத்துக்கு அருகில் உள்ள தளத்தில் கூட்டிவைத்தார்கள். நல்ல விமானங்கள் கிடைக்கவில்லை, வேலையும் அதிகம் கிடைக்கவில்லை. 1940 ஜூனில் பிரான்சும் விழுந்தது. மறுபடியும் கப்பல், இம்முறை பிரிட்டனுக்கு. பத்து மாதத்தில் இரண்டு நாடுகள் தம் காலடியில் சரிவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இவர்கள் என்பதை அவை உணர்ந்துகொண்டால், பின்னால் வரும் கோபமும் அவசரமும் தாமாகவே விளங்கும். பிரெஞ்சு அத்தியாயத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

யாருக்குச் சத்தியம் செய்தார்கள்

பேச்சின் நடுத்தண்டு இங்கேதான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான பேச்சாளர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் பிரிட்டனுக்கு வந்த போலந்து விமானப்படையினர் பிரிட்டிஷ் விமானப்படையின் தன்னார்வச் சேமப் பிரிவில் சேர்க்கப்பட்டு, தம் அரசுக்குச் செய்த சத்தியத்தோடு பிரிட்டிஷ் மன்னருக்கும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இது அவர்களுக்கு முள்ளாகக் குத்தியது. 1940 ஆகஸ்ட் 5 அன்று இரு அரசுகளும் கையெழுத்திட்ட உடன்பாடு அந்த நிலையை மாற்றியது. போலந்து விமானப்படை இறையாண்மையுள்ள ஒரு நாட்டின் படை என்று ஏற்கப்பட்டது. சத்தியம் போலந்துக்கு மட்டும். சண்டையில் கட்டளை பிரிட்டிஷ் விமானப்படையினுடையது. செலவு, நாடிழந்து லண்டனில் இயங்கிய போலந்து அரசின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. நீலச் சீருடை பிரிட்டனுடையது, தொப்பியில் இருந்த கழுகு போலந்தினுடையது. விமானத்தின் பக்கவாட்டில் பிரிட்டிஷ் வட்டக்குறி பெரிதாகவும், அதற்கு முன்னால் சிவப்பும் வெள்ளையுமான போலந்துச் சதுரக் கட்டம் சிறியதாகவும் தீட்டப்பட்டிருந்ததைப் படத்தில் காட்டினால், உடன்பாடு முழுவதும் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

தில்லி அவையில் இந்த இடத்தில் ஒரு கை உயர்வது உறுதி. அதே 1940-இல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் பிரிட்டனுக்குப் போனார்கள், அவர்களில் தலைப்பாகையோடு ஹரிக்கேன் ஓட்டிய மகிந்தர் சிங் புஜ்ஜியும் ஒருவர். அவர்களும் இவர்களும் ஒன்றுதானா என்று கேட்பார்கள். ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். போலந்துக்காரர் இழந்த விடுதலையை மீட்கப் பறந்தார். இந்தியர் தம் நாட்டை ஆண்டுகொண்டிருந்த அரசுக்காகப் பறந்தார், அதிலும் அவரவருக்குத் தனித்தனிக் காரணங்கள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவைத்தால் இரண்டுமே நசுங்கிவிடும்.

நார்த்தோல்ட்டில் நேரம் செலவிடுங்கள்

போலந்துப் போர் விமானப் பிரிவுகளில் 302-ஆவது 1940 ஜூலையில் லெகன்ஃபீல்டிலும், 303-ஆவது ஆகஸ்ட் 2 அன்று லண்டனுக்கு மேற்கே நார்த்தோல்ட்டிலும் உருவாயின. உங்கள் பேச்சில் மூன்றில் ஒரு பங்கை 303-க்குக் கொடுங்கள். மற்றவற்றைப் பெயர் சொல்லிக் கடந்துபோகலாம். ஒவ்வொரு பதவிக்கும் அங்கே இருவர் இருந்தார்கள். க்ராஸ்னொடெம்ப்ஸ்கிக்கு இணையாகப் பிரிட்டிஷ் தலைவர் ரொனால்ட் கெல்லெட். உட்பிரிவுகளில் கனடாக்காரர் ஜான் கென்ட், பிரிட்டனின் ஆத்தல் ஃபோர்ப்ஸ்.

அனுபவம் மிக்க இந்த விமானிகளை ஏன் வாரக்கணக்கில் பயிற்சியிலேயே வைத்திருந்தார்கள் என்பதைத் தொழில்முறையில் விளக்க வேண்டும். போலந்திலும் பிரான்சிலும் அவர்கள் பழகிய விமானங்களில் எந்திரத்துக்கு வேகம் கொடுக்கப் பிடியைப் பின்னால் இழுக்க வேண்டும். ஹரிக்கேனில் முன்னால் தள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்த கை, நெருக்கடி வந்தால் பழைய பக்கமே போகும். வேகமானி கிலோமீட்டரிலிருந்து மைலுக்கும், உயரமானி மீட்டரிலிருந்து அடிக்கும் மாறியிருந்தன. சக்கரங்களை இறக்க மறந்து வயிற்றால் தரையைத் தேய்த்தவர்களும் உண்டு, ஏனென்றால் பி.11-இல் சக்கரங்கள் எப்போதும் கீழேயே இருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வானொலியில் வரும் ஆங்கிலக் கட்டளை. அதைப் பழக்குவதற்காக, வளர்ந்த ஆண்களைச் சைக்கிளில் ஏற்றி அணிவகுத்து ஓட்டவைத்தார்கள். போரில் சுடப்பட்டு, இரண்டு எல்லைகளைத் தாண்டி வந்த விமானிக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். பதில்கள் நன்றாக வரும்.

பிறகு ஆகஸ்ட் 30-க்கு வாருங்கள். அன்று 303 சண்டைக்குப் போகவில்லை. பிளென்ஹைம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களை எதிரியாகப் பாவித்து இடைமறிக்கும் பயிற்சிக்குத்தான் போனது. லுட்விக் பாஷ்கியேவிச் உண்மையான எதிரி விமானங்களைக் கண்டு, கெல்லெட்டுக்கு வானொலியில் சொன்னார். பதில் வரவில்லை. அணியை விட்டு விலகிப் போய், மெஸ்ஸர்ஷ்மிட் 110 ஒன்றை வீழ்த்திவிட்டுத் திரும்பினார். தரையிறங்கியதும் கட்டுப்பாட்டை மீறியதற்காகக் கண்டிப்பு, வென்றதற்காகப் பாராட்டு, இரண்டும் அதே கெல்லெட்டிடமிருந்து கிடைத்தன. பிரிவை முழுச் சண்டைக்குத் தகுதியானதாக அறிவிக்கும்படி அவரே மேலிடத்தைக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து 303 போரில் இறங்கியது. பாஷ்கியேவிச் செப்டம்பர் 27 அன்று கொல்லப்பட்டார். இந்த நிகழ்வை விறுவிறுப்பாக்குவதற்காக வானொலியில் யார் என்ன சொன்னார்கள் என்று உரையாடல் கட்டிச் சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. தேவையே இல்லை. நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொன்னாலே அவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

அவர்கள் ஏன் திறமையாகச் சண்டையிட்டார்கள் என்ற கேள்விக்குப் பதிலாகச் சிலர் வெறுப்பு, பழிவாங்கும் வெறி என்று பேசிவிடுகிறார்கள். கோபம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் போருக்கு முந்தைய போலந்துப் பயிற்சி கடுமையானது. வானொலியை அதிகம் நம்பியிராததால் கழுத்தைத் திருப்பிக் கண்ணால் வானத்தைத் துழாவும் வழக்கம் ஊறியிருந்தது. குறி தவறாத அளவுக்கு எதிரியை மிக அருகில் நெருங்கிய பிறகே சுட்டார்கள். அதே வாரங்களில் பிரிட்டிஷ் பிரிவுகளுக்கு வந்து சேர்ந்த இளைஞர்கள் பலர் அந்த வகை விமானத்தில் மிகக் குறைந்த மணி நேரமே பறந்தவர்கள். திறமைக்கான விளக்கத்தைப் பயிற்சியில் தேடுவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

எண்களைக் கையாளும் முறை

1940-இல் பிரிட்டன் வானில் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் சண்டையில் 145 போலந்து விமானிகள் பங்கேற்றார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 303-ஆம் பிரிவு 42 நாள்களில் 126 விமானங்களை வீழ்த்தியதாக உரிமை கோரியது; அந்தச் சண்டையில் வேறெந்த ஹரிக்கேன் பிரிவும் அவ்வளவு கோரவில்லை. கோரியது என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். போருக்குப் பிறகு ஜெர்மானிய இழப்பு ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த வரலாற்றாய்வாளர்கள், உண்மையில் விழுந்தவை இதில் பாதியோ அதற்கும் குறைவோதான் என்கிறார்கள். அதற்காகப் போலந்துக்காரர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடாது. ஒரே விமானத்தை மூவர் சுட்டு மூவரும் தம் கணக்கில் எழுதுவது எல்லாப் படைகளிலும் நடந்தது. 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டன் 185 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. ஜெர்மனி அன்று இழந்தது ஏறக்குறைய 60 மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டு 303-இன் கணக்குக்கு வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அந்தப் பிரிவில் மிக அதிகமாக, 17 விமானங்களை வீழ்த்தியவராகக் கருதப்படுபவர் போலந்துக்காரரே அல்லர். செக் நாட்டைச் சேர்ந்த யோசெஃப் ஃப்ரான்டிஷெக். அவரும் நாடிழந்து போலந்துக்கு வந்து, போலந்தையும் இழந்து வந்தவர். அணியோடு பறக்கும் ஒழுங்குக்கு அவர் கடைசிவரை பழகவில்லை. அக்டோபர் 8 அன்று விமானம் விழுந்து இறந்தார். இவரைச் சொல்லும்போது 303-இன் சின்னத்தையும் சொல்லலாம். அதில் போலந்து உழவர் படையின் தொப்பியும் குறுக்கே வைத்த அரிவாள்களும், அமெரிக்கக் கொடியின் கோடுகளும் விண்மீன்களும் இருக்கின்றன. 1919-க்குப் பிறகு சோவியத் ருஷ்யாவோடு நடந்த போரில் அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் போலந்துக்காகப் பறந்தார்கள். அவர்கள் தொடங்கிய பிரிவின் சின்னம்தான் இங்கே தொடர்ந்தது. அதாவது, அயலார் தமக்காகப் பறந்ததன் அடையாளத்தைச் சுமந்துகொண்டு இவர்கள் அயல்நாட்டில் பறந்தார்கள். அந்த அமெரிக்கர்களில் ஒருவரான மெரியன் கூப்பர் பின்னாளில் கிங் காங் படத்தை இயக்கியவர்களில் ஒருவர் என்ற செய்தியைப் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். சோர்ந்த முகங்கள் நிமிரும்.

பிரிட்டனுக்கு வெளியே நடந்தவற்றுக்கு இரண்டே பெயர்கள் போதும். ஸ்தானிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி 1943 வசந்தத்தில் வட ஆப்பிரிக்காவில் ஒரு சிறு போலந்து அணியை ஸ்பிட்ஃபயர்களோடு நடத்தினார். நார்த்தோல்ட்டில் க்ராஸ்னொடெம்ப்ஸ்கிக்குப் பின் பொறுப்பேற்ற வித்தோல்ட் உர்பனோவிச், அதே 1943-இல் சீனாவில் அமெரிக்க விமானப்படையோடு சேர்ந்து ஜப்பானியரை எதிர்த்துப் பறந்தார்.

1945-க்குப் பிறகு

வெற்றியோடு முடித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் வராது. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க, சோவியத் தலைவர்கள் கூடிய யால்டாவில் போலந்தின் எதிர்காலம் போலந்து இல்லாமலே பேசப்பட்டது. ஜூலை 5 அன்று பிரிட்டன் வார்சாவில் அமைந்த புதிய அரசை ஏற்று, லண்டனில் இருந்த போலந்து அரசுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. சத்தியம் செய்துகொடுத்த அரசு ஒரே நாளில் யாருமற்றதாகிவிட்டது. 1946 ஜூன் 8 அன்று லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்புக்குப் போலந்து விமானிகளில் 25 பேருக்கு மட்டும் அழைப்பு வந்தது. தம் தரைப்படையினருக்கும் கடற்படையினருக்கும் அழைப்பு இல்லாதபோது தாமும் வருவதில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1947-இல் நாடு திரும்பிய ஸ்கால்ஸ்கியை மறு ஆண்டு கைது செய்து, ஒற்றர் என்று குற்றம் சாட்டி மரண தண்டனை விதித்தார்கள். அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1956-இல்தான் வெளியே வந்தார். திரும்பாதவர்கள் பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்த வேலையைச் செய்தார்கள்.

இந்தப் பகுதியைச் சொல்ல ஒரு பொருளைப் பயன்படுத்தலாம். ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த வில்னோ நகரத்தில் (அன்று போலந்தில் இருந்தது, இன்று லிதுவேனியாவின் வில்னியஸ்) பெண்கள் மறைவாக ஒரு கொடியைப் பூவேலை செய்து தைத்தார்கள். அது கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டு 1941-இல் பிரிட்டனில் போலந்து விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவும் மூன்று மாதம் வைத்திருந்து அடுத்த பிரிவிடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. போர் முடிந்தும் அது போலந்துக்குப் போகவில்லை, 1992-இல்தான் போனது. நாடு பறிபோன பிறகு படை யாருடையது என்ற கேள்விக்கு அவையே விடை சொல்லும் இடம் இதுதான். நீங்கள் விடை சொல்லாமல் தேதிகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்களும் கேள்விகளும்

பேச்சில் எட்டுப் பெயர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு, எதிரே பிரிவு எண்ணையும் ஆண்டையும் போட்டு நுழைவாயிலிலேயே கொடுத்துவிடுங்கள். உச்சரிப்பை இணையத்தில் போலந்து மொழிக்காரர் சொல்லக் கேட்டு முன்னதாகவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்று தடுமாறினால் அவை சிரிக்கும், சிரித்த பிறகு அந்தப் பெயருக்குரியவர் இறந்த செய்தியைச் சொல்வது கடினம்.

போலந்து அகதிக் குழந்தைகளை ஜாம்நகர் அரசர் 1942-இல் பாலாச்சடியில் தங்கவைத்ததைப் பற்றி யாராவது கேட்பார்கள். அது இந்த விமானிகளின் கதை அன்று. ஆனால் அந்தக் குழந்தைகள் பலர் சோவியத் பகுதிக்கு நாடுகடத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், செப்டம்பர் 17-ஐ நினைவூட்டி இரண்டு வரியில் இணைத்துவிடலாம். இன்னொரு கேள்வி விமானப்படையில் இருந்தவர்களிடமிருந்து வரும்: "சார், இவங்கள்ல சில பேர் பாகிஸ்தானுக்குப் போனாங்களாமே?" ஆம் என்று நேராகச் சொல்லுங்கள். 1948 வாக்கில் விளாதிஸ்லாவ் தூரோவிச் உள்ளிட்ட ஒரு குழு ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் விமானப்படையில் சேர்ந்து பயிற்சியளித்தது. தூரோவிச் அங்கேயே தங்கி உயர் பதவிக்கு வந்தார். நாடு திரும்ப முடியாத, பறப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர்களுக்கு அன்று வேலை கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று என்று சொன்னால் அவை ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி நேரத்தில் முதல் ஐந்து நிமிடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே ஒதுக்கிவிடுவதாகத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். எந்திரத்தின் குதிரைத்திறனையும் தோட்டாவின் விட்டத்தையும் பற்றிய ஐயங்களோடு எழுந்திருக்கும் பெரியவர்களிடம், பின்னால் காபி தரும் இடத்தில் நின்று பேசலாம் என்று சொல்லுங்கள். அங்கே அவர்கள் உங்களுக்கே நிறையச் சொல்லித் தருவார்கள்.